கடலில் தவளை கிடையாது

எனக்குக் கீழே இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. என்னுடைய கால்கள்தான். வலது பெருவிரலில் நகம் இல்லை, போன மழைக்காலத்தில் நங்கூரம் விழுந்து போனது, அதை வைத்து அடையாளம் சொல்லலாம். இருந்தும் குனிந்து பார்க்கும்போதெல்லாம் என் கயிற்றில் வேறு எவனோ வந்து தொங்குகிறான் என்றுதான் முதலில் தோன்றுகிறது. நீரோட்டம் அந்தக் கால்களை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, பிறகு விட்டுவிடுகிறது, அவை திரும்பி வருகின்றன. நான் அசைக்கவில்லை. அசைக்க முடிந்தால் இங்கே ஏன் தொங்குகிறேன். தலைக்கு மேலே, நல்ல உயரத்தில், எங்கள் வள்ளத்தின் அடிவயிறு கறுத்த இலை மாதிரி தெரிகிறது. அதில் கஸ்பார் இருக்கிறான், என் பெண்டாட்டி ரெஜினாளின் தம்பி. என் நெஞ்சைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் மறுமுனை அவன் கையில். அவன் பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது, அதிலிருந்து இறங்கும் குழாய்தான் என் வாயில் முடிகிறது. அதன் சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்கிறது. டீசல் வாடை அடிக்கும் காற்று. இழு, விடு. இழு, விடு. விட்ட மூச்சு குமிழ் குமிழாக மேலே ஓடுகிறது, எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதற்கு. நான் மிதந்து எழும்பிவிடாமல் இருக்க நெஞ்சுக் கட்டிலிருந்து இன்னொரு துண்டுக் கயிறு இறங்கி, என் பாதத்துக்கும் கீழே போய், ஒரு கல்லில் முடிகிறது. மேலே மத்தியான வெயில். அது தண்ணீருக்குள் சாய்ந்த கம்பிகளாக இறங்கி, என் இடுப்பைத் தாண்டியதும் பச்சையாகி, கல் இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது.

காலையில் கால் இருந்தது. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் கால் இருந்தது, அதில்தான் நடந்து வந்து வள்ளத்தில் ஏறினேன், ஏறியது ஞாபகம் இருக்கிறது, நடந்தது ஞாபகம் இல்லை. யாருக்குத்தான் நடந்தது ஞாபகம் இருக்கும். எங்களுக்குச் சங்கு எடுக்கிற தொழில். கரையில் மாதா கோவில் கோபுரம் மறைகிற தூரத்தில் கடலடியில் ஒரு பார் இருக்கிறது, மணலும் பாறையும் கலந்த மேடு, அங்கே இன்றைக்குச் சங்கு கொட்டிக் கிடந்தது. ஒன்றை எடுத்தால் அதற்கு அப்பால் இன்னொன்று மணலில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நேரத்தை விட்டுவிட்டேன். பை நிறைந்தபோது குளிர் எடுத்தது. ஃபிளாஸ்கில் இருக்கும் கட்டங்காப்பி நினைவுக்கு வந்தது. வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும், எத்தனையோ வருஷமாகத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் நேராக ஏறிவிட்டேன். காப்பியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. தோள் கடுத்தது, வயிற்றுத் தோலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு தினவு. எழுந்து நின்று ஓரமாகப் போய் ஒண்ணுக்கு இருக்கப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது, விழுந்தது தெரியவில்லை. கஸ்பார் சிரித்தான். "என்ன அத்தான், காப்பில எதும் கலந்திருந்திச்சா?" நான் என் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் சிரிப்பை நிறுத்தினான். "அத்தான், விளையாடாதிய." கிள்ளினான். "தெரியுதா? இங்க? இங்க கிள்ளுதேன், தெரியுதா?" அவன் நகம் பதிந்து தோல் வெள்ளையாவதையும் பிறகு சிவப்பதையும் பார்த்தேன். சந்தையில் எவனோ விலை கேட்டு மீனை அமுக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"கரைக்குப் போயிருவோம். ஆஸ்பத்திரி" என்றான் அவன். அப்போதே கையால் சுக்கானைத் தேடினான். நான் சொன்னேன், "கரைக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். என்னைக் கீழ இறக்கு." "டாக்டர் அதைச் செய்யக் கூடாதுன்னுதான சொன்னாரு? சந்தியாகு அண்ணனுக்கு இது வந்தப்போ நானும் கூட இருந்தேன்லா?" ஆமாம், இருந்தான். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். ஆழத்தில் காற்று ரத்தத்துக்குள் அமுங்கிப் போய்விடுகிறது, வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்குகிறது, முதுகுத்தண்டில் போய் அடைக்கிறது. அதற்கென்று இரும்பு அறை வைத்த ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே வாருங்கள், திரும்பக் கடலில் இறங்கி நீங்களாக வைத்தியம் பார்க்காதீர்கள், கீழேயே செத்துப் போவீர்கள். எல்லாம் சரி. அந்த ஆஸ்பத்திரி எங்கேயோ இருக்கிறது, கடல் இங்கே இருக்கிறது. "கஸ்பாரு, கட்டுல கயித்தை" என்றேன். அவன் அழுதுகொண்டே கட்டினான். அவன் ஒரு இழு இழுத்தால் நல்லா இருக்கேனா என்று கேட்கிறான். நான் ஒரு இழு இழுத்தால் நல்லா இருக்கேன். விடாமல் இழுத்தால் தூக்கு. அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. என்னை விளிம்பில் உட்காரவைத்து, ஒவ்வொரு காலாக எடுத்து வெளியே போட்டான், சாக்கு மூட்டையைப் போடுகிற மாதிரி. தண்ணீர் இடுப்பு வரைக்கும் சில்லென்று ஏறியதாக நான் நினைத்துக்கொண்டேன். இல்லை. இடுப்பில்தான் சில்லென்று ஆரம்பித்தது.

சந்தியாகு என் அண்ணன். அவனைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கரையில் எல்லோரும் கூடி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி, அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், சாயங்காலம் எழும்பிருவேம்ல என்றான். இப்போது அடுத்த தெருவில் இருக்கிறான். கட்டிலில் கிடப்பது பிடிக்காமல் தரையில்தான் இருப்பான். மதினி காலையில் தரையைக் கழுவிவிட்டதும் ஈரம் காய்வதற்குள் முழங்கையை ஊன்றி நகர்வான். ஈரத்துல வழுக்கிட்டுப் போகும்டா, சுலபம் என்பான். முதலில் வலது முழங்கை, அப்புறம் உடம்பு ஒரு வளைவு வளையும், அப்புறம் இடது முழங்கை. கால்கள் பின்னால் வரும். சிமெண்டுத் தரையில் அவன் போன தடம் பளபளப்பாகக் கொஞ்ச நேரம் இருக்கும். அந்த வீட்டுக்குப் போனால் நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பேன். தடத்தை மிதிக்க முடியாது. போன வாரம் என் மகள் ஜெனிட்டா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டாம் வகுப்பு, சத்தமாகப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும், ரெஜினாள் மீன் கழுவிக்கொண்டே கேட்பாள், நான் வலையில்லாத தொழில்காரன், சாயங்காலத்தில் வேறு வேலை கிடையாது, நானும் கேட்பேன். நீரிலும் நிலத்திலும் வாழ்பவை. புத்தகத்தில் ஒரு படம். சேற்றில் ஒரு பிராணி, மீன் தலை, மீன் வால், நடுவில் நான்கு குட்டைக் கால்கள், வயிறு தரையில் தேய, முன்னங்கைகளை ஊன்றி நெஞ்சைத் தூக்குகிறது. முதன்முதலாகக் கரையேறியது. பின்னால் அது வந்த தடம் பளபளப்பாகப் போட்டிருந்தது. ஜெனிட்டா ஒரு நிமிஷம் படிப்பதை நிறுத்தினாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

கயிறு ஒரு முறை இழுபடுகிறது. கஸ்பார். நான் ஒரு முறை இழுக்கிறேன். நல்லா இருக்கேன். குளிர் இப்போது பின்கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை, வெயில் கம்பிகள் கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, அல்லது நான் சுழன்றிருக்கிறேன். கயிற்றைப் பிடித்திருக்கும் என் கையைப் பார்க்கிறேன். வெளிறி, ஊறி, விரல்கள் ஒட்டிக்கொண்டு, கையே அல்ல. அன்றைக்கு ஜெனிட்டா இந்தக் கையைப் பிடித்து எண்ணிக் காட்டினாள். "இங்க பாருப்பா, மேல ஒத்தை எலும்பு. முழங்கைக்குக் கீழ ரெண்டு. அப்புறம் சின்னச் சின்னதா. அந்த மீனோட துடுப்புக்குள்ளயும் இதேதான். மேல ஒண்ணு, கீழ ரெண்டு, அப்புறம் சின்னச் சின்னதா." "அப்போ இது துடுப்பா?" என்றேன். "துடுப்பா இருந்துச்சு." ரெஜினாள் அங்கிருந்து, "உங்கப்பாவுக்கு இப்பவும் துடுப்புதான், ஒரு தேங்கா உடைக்கத் தெரியாது" என்றாள். சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. துடுப்புக்குள் அது முன்னாலேயே இருந்திருக்கிறது. கரை என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்னாலேயே, தண்ணீருக்குள், எவனுக்கும் தெரியாமல், ஒரு கை தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் எனக்குள்ளும் எது தயாராகிறது என்று யார் கண்டது. "அது ஏம்மா மேல வந்துச்சு?" என்று கேட்டேன். "குளம் வத்தியிருக்கும்னு ஒருத்தர் சொல்லுதாரு. தின்ன எதையோ தேடி வந்துச்சுன்னு இன்னொருத்தர். தன்னைத் தின்ன வந்ததுகிட்ட இருந்து தப்பிச்சு வந்துச்சுன்னும் சொல்லுதாங்க. சரியா யாருக்கும் தெரியாதுப்பா. பரீட்சைக்கு அது வராது."

நான் சொல்லியிருக்கலாம் அவளுக்கு. ஏன் வந்தது என்று எனக்கும் தெரியாது, ஆனால் வந்தவுடன் அதற்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். கனம். தண்ணீரில் கிடந்தவரை அதற்குத் தன் உடம்பு இருப்பதே தெரிந்திருக்காது. தலையைச் சேற்றில் வைத்ததும் தலை கனத்திருக்கும். குடல் கனத்திருக்கும். நெஞ்சு நுரையீரலின் மேலேயே விழுந்து அமுக்கியிருக்கும். இது என்ன என் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது என்று திரும்பிப் பார்த்திருக்கும், ஒன்றும் இருந்திருக்காது, அது தானேதான். ஒவ்வொரு நாளும் வள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது எனக்கு அதுதான். நெஞ்சு வரைக்கும் ஏறியதும் கடல் என்னை என் கையில் கொடுத்துவிடும், இந்தா உன்னுடையது, நீயே தூக்கு. சில நாள் அந்த ஒரு கணத்தில் திரும்பவும் உள்ளே விழுந்துவிடலாம் என்று இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. கரையேறியதற்கு அப்புறம்தான் கண்ணுக்கு இமை வந்ததாம், கண்ணீர் வந்ததாம், காய்ந்துவிடக் கூடாது என்று. மீனுக்கு எதற்குக் கண்ணீர். முகக் கண்ணாடிக்குள் இப்போது ஏதோ இளஞ்சூடாக இறங்கி என் மூக்கோரம் தேங்குகிறது. துடைக்க முடியாது. துடைக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் கடல் வந்து துடைத்துவிடும். கால், கால், கால். கால் பற்றி நினைக்க வேண்டும். கால் வேண்டும் என்று நினைக்க வேண்டும். இப்போது விரலை அசை. அசைத்தேன். விரல் கேட்கவில்லை. கீழே அந்த இன்னொருவன் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறான்.

தலைப்பிரட்டையின் வால் விழுந்துவிடும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன், பல்லி வால் மாதிரி. விழாதாம், ஜெனிட்டா சொன்னாள். "உள்ள போயிரும்பா. அதையே தின்னுரும். வாயி, குடலு எல்லாம் அப்போ மாறிக்கிட்டிருக்கும், வெளிய இருந்து எதையும் தின்ன முடியாது, அதனால தன் வாலைக் கரைச்சுக் கரைச்சு அதுல உயிரோட இருக்கும்." ரெஜினாள், "சீ, சாப்புடுற நேரத்துல" என்றாள். எனக்கு அது ராத்திரி படுத்தும் போகவில்லை. ஒரு பாதி இன்னொரு பாதியைத் தின்கிறது. வாலுக்குத் தெரியுமா. ஏதோ குறைகிறது என்று தெரியுமா, அல்லது கடைசிவரை நீந்திக்கொண்டே இருக்குமா. என் இடுப்புக்குக் கீழே இருக்கிற இதை நான் தின்றுகொண்டிருக்கிறேனோ என்று இப்போது தோன்றுகிறது. குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்த்தேன். இருக்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் ஒட்டி, இரண்டும் ஒன்றாக, நீரோட்டத்தில் ஒரே வளைவாக வளைகிறது. சில தவளைகள் கோடையில் கண்மாய் வற்றும்போது சேற்றுக்கு அடியில் போய்விடுமாம். நெஞ்சால் மூச்சு விடாதாம், தோல் மட்டும் விடுமாம். மேலே ஆடு மேயும், பையன்கள் பந்தடிப்பார்கள், கீழே மண்ணுக்குள் அவை கண்ணை மூடிக்கொண்டு, செத்தவையும் அல்ல. மழை இறங்கி அந்த மண்ணைத் தொட்டவுடன் கண் திறக்கும். எத்தனை கண்மாய், எத்தனை மைதானம். நாம் எதன் மேலே நடந்துகொண்டிருந்தோம். "அப்போ கடல்லயும் தவளை இருக்குமா?" என்று கேட்டேன். "கடல்ல தவளை கிடையாதுப்பா. மெல்லிசுத் தோலு. அது வழியாத்தான் தண்ணி குடிக்கும், அது வழியாத்தான் மூச்சு விடும். உப்புத்தண்ணில போட்டா உடம்புல இருக்குற தண்ணியெல்லாம் அது வழியாவே வெளிய போயிரும். எங்கயோ ஒண்ணு ரெண்டு, ஆத்து முகத்துல சமாளிக்குமாம். நடுக்கடல்ல கிடையவே கிடையாது." விட்டுப்போனவர்களைக் கடல் திரும்பச் சேர்ப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படியென்றால் என்னை எப்படிச் சேர்க்கிறது, தினமும்.

கயிறு இழுபடுகிறது. இந்த முறை நான் உடனே இழுக்கவில்லை, ஏனென்றால் இழுப்பு மேலேயிருந்து வந்த மாதிரி இல்லை. கீழேயிருந்து வந்தது. கல் தொங்குகிற பக்கத்திலிருந்து. நெஞ்சுக் கட்டு மெல்ல, மரியாதையாக, ஒரு முறை கீழ்ப்பக்கம் இறுகி விட்டது. நீரோட்டத்தில் கல் ஆடியிருக்கும். ஆடியிருக்கும். நான் குனிந்தேன். கால்களைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, கயிறு போய்க்கொண்டே இருந்தது, கல் தெரியவில்லை. நல்லா இருக்கியா என்று கேட்கிறது. யாரிடம் பதில் சொல்வது. மேலே இழுத்தால் கஸ்பாருக்குப் போகும், கீழே இழுத்தால்? நான் இரண்டு பக்கமும் இழுக்காமல் இருந்தேன். மெக்சிகோவில் ஏதோ ஒரு ஏரியில், தவளைக்குச் சொந்தமாக, ஒரு ஜாதிப் பிராணி இருக்கிறதாம். கரைக்கே வராதாம். குட்டியாக இருந்தபோது இருந்த செவுளோடேயே பெரிதாகி, அந்தச் செவுளோடேயே குட்டி போட்டு, இல்லை முட்டைதான், முட்டையிட்டு, அங்கேயே முடிந்துபோகுமாம். கால் இருந்தும் வராதாம். ஏதோ மருந்து கொடுத்தால் அதுவும் மாறிக் கரையேறிவிடுமாம், ஆனால் ரொம்ப நாள் இருக்காதாம். ஜெனிட்டா அதை இரக்கத்தோடு படித்தாள். எனக்கு அதில் என்ன இரக்கம் என்று புரியவில்லை. அதன் முகத்தையும் படத்தில் பார்த்தேன், சின்னப் பிள்ளை சிரிக்கிற மாதிரி இருந்தது. கனமே தெரியாத முகம்.

இப்போது குளிர் இல்லை. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. பல்லில் இருந்த கடகடப்பும் இல்லை. எவ்வளவு அமைதி. இத்தனை வருஷம் இந்தத் தண்ணீருக்குள் வந்து போகிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை, எப்போதும் ஏதோ ஒரு இரைச்சல் என்னோடு கூட வந்திருக்கிறது, குமிழ் ஓடுகிற சத்தம், என் மூச்சே எனக்கு இரைச்சல். குமிழும் இல்லை. மேலே பார்த்தேன், வள்ளத்தின் இலை அப்படியே இருக்கிறது, எனக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி, ஒரு குமிழ் கிடையாது. தோல் முழுவதும் மெல்லிய தினவு. அது வலி இல்லை, எதுவோ உள்ளே வருகிறது, எதுவோ வெளியே போகிறது, கழுத்தோரம், கக்கம், விலா, ஒவ்வொரு ரோமக்காலும் சின்ன வாய் மாதிரி திறந்து மூடுகிறது. ரெஜினாளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. பேர் வந்தது, முகம் வரவில்லை. அதிலும் ஒன்றும் தப்பில்லை என்று பட்டது. என் இடது பக்கம், தோளுக்கு அருகே, ஏதோ ஒரு நீளமான பிராணி தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. மஞ்சள் உடம்பு, கறுத்த வாய். என்னையே பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ரொம்ப நிதானமாக யோசித்தேன், அவசரமே இல்லை. பிறகு தெரிந்தது. அது என் குழாய். என் வாயில் இருக்க வேண்டிய குழாய். அது வெளியே இருக்கிறது. எவ்வளவு நேரமாக வெளியே இருக்கிறது. அது தெரிந்த பிறகும் எனக்குப் பயம் வரவில்லை, அதுதான், அதுதான் இப்போது நினைத்தாலும், பயம் வரவில்லை. அப்போது சுள்ளென்று ஒன்று குத்தியது.

எங்கேயென்று தெரியவில்லை. தூரத்தில். வேறு ஊரில் யாருக்கோ குத்திய மாதிரி. மறுபடியும் சுள்ளென்று. குனிந்தேன். விரல் நீளத்தில் ஒரு மீன், உடம்பெல்லாம் கோடு, என் வலது பெருவிரலில் நகம் போன இடத்துப் பிஞ்சுத் தோலைக் கொத்திவிட்டுப் பின்வாங்கியது. திரும்ப வந்து கொத்தியது. வலித்தது. என் விரல் வலித்தது. என் விரல். ஏல, கொத்துல, இன்னும் கொத்து, என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன், கடல் உள்ளே வந்தது. உப்பு. அந்த உப்பில்தான் பயம் இருந்தது போல, வாய் நிறைய ஒரேயடியாக வந்தது, நெஞ்சு வெடிக்கிற மாதிரி, ஐயோ மாதாவே, கை குழாயைத் தேடியது, துடுப்பாக இருந்த கை, விரல் விரியவில்லை, இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்து இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. சுவரை உறிஞ்சுகிற மாதிரி. இன்னொரு முறை. சுவர். ரெஜினாள் முகம் அப்போதுதான் வந்தது, மீன் செதில் ஒட்டிய கன்னத்தோடு, முழுசாக. பிறகு பல்லில் ஒரு நடுக்கம். கட, கடகட. காற்று வந்தது. டீசல் வாடை அடிக்கிற, சூடான, என் கடவுளே, நாற்றம் பிடித்த காற்று. இருமினேன், குடித்தேன், இருமினேன். வலது கால் தானாக ஒரு உதை உதைத்தது. கீழே தொங்கியவன் போய்விட்டான். கயிற்றை விடாமல் இழுக்கப் போனேன், பிறகு கையை நிறுத்திக்கொண்டேன். இப்போது நேராக ஏறினால் எல்லாம் திரும்பவும் போய்விடும். ஒரே ஒரு இழு இழுத்தேன். காத்திருந்தேன். அந்த நேரம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த அமைதியைவிட, ஏனென்றால் இப்போது நான் மட்டும்தான் அங்கே இருந்தேன், பயத்தோடு, வலிக்கிற விரலோடு. முழங்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. தொடையில் நெருப்பு. ஒவ்வொரு ஊசிக்கும் நான் மனசுக்குள் பேர் வைத்துக்கொண்டிருந்தேன். இடது கால் பாதிதான் எரிந்தது, முழங்காலோடு நின்றுவிட்டது. வரட்டும். வரும்.

இனி ஏறலாம் என்று பட்டதும் விடாமல் இழுத்தேன். அவன் ஒரு கை நீளம் தூக்குவான், நிற்பான், ஒரு கை தூக்குவான், நிற்பான். நன்றாகச் செய்தான். வெளிச்சம் மஞ்சளாயிற்று, பிறகு வெள்ளையாயிற்று, பிறகு தலை எதையோ கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, காது திறந்தது, காற்றில் இத்தனை சத்தமா. அவன் என் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். விளிம்பில் வயிறு பட்டதும் கனம் வந்து ஏறியது. ஏறட்டும் என்று கிடந்தேன். பலகையில் குப்புறக் கிடந்து என் கனத்தை முழுவதும் வாங்கிக்கொண்டேன். "அத்தான், காலு? காலு எப்படி இருக்கு?" வலது காலை மடக்கிக் காட்டினேன். அவன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான், பிறகு கோபம் வந்தது அவனுக்கு. "அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லியிருப்பேன்? இனிமே என்னைய இப்படிச் செய்யச் சொன்னிய, நானே தள்ளி விட்டுருவேன்." என்னைப் பிடித்து நிறுத்தினான். வலது கால் நின்றது. இடது கால் நடுங்கியது, கணுக்காலில் உயிர் இல்லை, ஆனாலும் முட்டுக் கொடுத்தது. "இப்போ போறோம் அத்தான், அந்த இரும்பு ரூமு ஆஸ்பத்திரிக்கு. பேசக் கூடாது." தலையை ஆட்டினேன். போர்வையைச் சுற்றிவிட்டான். நங்கூரத்தை ஏற்றினான். இன்ஜினை எடுத்து, வள்ளத்தைக் கரைக்குத் திருப்பியதற்கு அப்புறம், என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஆனாலும் நீங்க தைரியமான ஆளு அத்தான். கம்ப்ரசர் நின்னுபோச்சில்லா, பெல்ட்டு அறுந்து. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தூக்கிரவான்னு பாத்தேன். கயித்தை இழுத்துக் கேட்டேன், நீங்க நல்லா இருக்கேன்னு இழுத்திய. சரின்னு புது பெல்ட்டை மாட்டினேன், மாட்டும்போதே இன்னொரு தடவை கேட்டேன், அப்பவும் இழுத்திய. மெதுவா, நிதானமா, ஒரே இழு. அந்தத் தைரியத்துலதான் தூக்காம இருந்தேன்."

நான் இழுக்கவில்லை. போர்வைக்குள் என் கையைப் பார்த்தேன். விரல்கள் இன்னும் சுருங்கித்தான் இருந்தன. நான் இழுத்திருக்கலாம். ஞாபகம் இல்லாமல் இழுத்திருக்கலாம், நடந்து வந்தது கூடத்தான் ஞாபகம் இல்லை. "பெல்ட்டு மாட்ட எவ்ளோ நேரமாச்சு?" என்று கேட்டேன். "ஆச்சு அத்தான்" என்றான் அவன். "நல்ல நேரமாச்சு. அந்த நட்டு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு." அவன் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தான். என் உடம்பில் எங்கேயாவது ஏதாவது மாறியிருக்கிறதா என்று சோதிக்கிற மாதிரி இருந்தது. பிறகு சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். கரை தெரிய ஆரம்பித்ததும் போனுக்கு உயிர் வந்தது. பிளாஸ்டிக் பைக்குள் அது ஒளிர்ந்து ஒளிர்ந்து துடித்தது. ஜெனிட்டா. அவன் பையைப் பிரித்து என் காதில் வைத்தான். "எப்பா, எங்க இருக்க? எவ்ளோ நேரமா போடுதேன், அம்மா கேக்குது. எப்பா?" அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பேச மூச்சு வேண்டும். நெஞ்சு தானாக எழும் என்று காத்திருந்தேன், எழவில்லை, எனக்கென்ன அவசரம் என்று கிடந்தது. நான் அதை எழுப்ப வேண்டியிருந்தது. எழு என்று சொன்னேன், ஒரு மூட்டையைத் தூக்குகிற மாதிரி விலாவைத் தூக்கினேன், காற்று தொண்டையைக் கீறிக்கொண்டு உள்ளே போனது.

"மேல" என்றேன். "மேல இருக்கேம்மா. மேலதான் இருக்கேன்."